புனியாத், தமஸ், ஒரு கார்ட்டூன்: எங்கள் வீட்டில் ஓடிய 1947

இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 1947 தான் ஓடிக்கொண்டிருக்கிறது. திட்டம் போட்டு ஆரம்பித்ததில்லை. பெரியவள் 'மிஸ் மார்வெல்' பார்த்தாள். அதிலிருந்து 'ஃப்ரீடம் அட் மிட்நைட்'. அது முடிந்ததும் நான் பழசைத் தோண்ட ஆரம்பித்து 'தமஸ்', 'புனியாத்' என்று தூர்தர்ஷன் காலத்துக்குப் போய்விட்டேன். நடுவில் சின்னவனுக்காக ஒரு பாகிஸ்தான் கார்ட்டூன். "சிரிக்கிற மாதிரி எதுவும் பார்க்கக் கூடாதுன்னு உங்க பேங்க்ல சர்க்குலர் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்ட தங்கமணியும் பிறகு எல்லாவற்றையும் எங்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டாள்.

விமர்சனம் எழுதுகிற ஆள் நான் இல்லை. படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. கேமரா கோணம், திரைக்கதை உத்தி எல்லாம் தெரிந்தவர்கள் எழுதட்டும். ஆனால் டில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று இந்தத் தொடர்களை வரிசையாகப் பார்த்தால் சில விஷயங்கள் மனசில் தங்கும். அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளவும்.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 1947 என்றால் கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். பிரிவினை என்பது வரலாற்றுப் புத்தகத்தில் அரைப் பக்கம். "பாகிஸ்தான் என்ற தனி நாடு உருவானது" என்பதைப் படித்து, ஐந்து மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு வந்தவர்கள் நாம். கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால் லாகூர் ரொம்ப தூரம்.

டில்லிக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்குக் கிடைத்தது தெற்கு டில்லியில் ஒரு பழைய அகதிக் காலனிக் கிளை. கவுன்டருக்கு வரும் பெரியவர்களின் பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பார்ப்பேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் லியால்பூர், ஜங், முல்தான், குஜ்ரன்வாலா, பன்னு என்று இருக்கும். ஆரம்பத்தில் இதெல்லாம் பஞ்சாபில் எங்கேயோ இருக்கும் ஊர் என்றுதான் நினைத்தேன். பக்கத்து சீட்டுக்காரர்தான், "சாப், யே சப் உஸ் பார் ஹை" என்றார். எல்லாம் அந்தப் பக்கம்.

1951 மக்கள்தொகைக் கணக்குப்படி டில்லியில் இருந்த அகதிகள் ஏறக்குறைய 5 லட்சம். நாம் வாடகைக்கு வீடு தேடி அலையும் லாஜ்பத் நகர், ராஜிந்தர் நகர், படேல் நகர், மாளவியா நகர் எல்லாம் அவர்களுக்காக உருவானவை. சித்தரஞ்சன் பார்க் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்காக அறுபதுகளில் உருவானது. கரோல் பாக்கில் தமிழர்கள் அதற்கு முன்பிருந்தே இருந்தார்கள். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் குமாஸ்தாக்களாக சிம்லாவுக்கும் டில்லிக்கும் மாறி மாறிப் போய்வந்த குடும்பங்கள். டில்லித் தமிழ்ச் சங்கம் 1946ல் ஆரம்பித்தது. அதாவது சங்கத்தை ஆரம்பித்தவர்கள் அடுத்த வருடமே தங்கள் தெருவில் மூட்டை முடிச்சோடு ஜனங்கள் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. நாம் குடியிருக்கும் வீட்டுக்கு அடியில் இருக்கிற கதை இது.

மிஸ் மார்வெல் (2022)

அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் வளரும் கமலா கான் என்ற பாகிஸ்தான் வம்சாவளிப் பெண்ணுக்கு ஒரு பழைய காப்பு மூலம் சக்தி கிடைக்கிறது. வழக்கமான சூப்பர் ஹீரோ சமாச்சாரம். வில்லன்கள் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஆனால் ஆறு பகுதிகளில் ஐந்தாவது பகுதி 1947க்குப் போகிறது. கராச்சி போகும் கடைசி ரயில், ஸ்டேஷனில் நெரிசல், கூட்டத்தில் கைவிட்டுப் போன சின்னக் குழந்தை. அந்தக் குழந்தைதான் கமலாவின் பாட்டி.

வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்த பகுதி அது ஒன்றுதான். இந்தப் பகுதியை இயக்கிய ஷர்மீன் ஒபைத் சினாய் பாகிஸ்தானைச் சேர்ந்தவர், இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஆவணப்பட இயக்குநர். தொடரை உருவாக்கிய பிஷா கே. அலி பிரிட்டிஷ் பாகிஸ்தானியர். 2018ல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரிலும் ஒரு பகுதி இதே மாதிரி வந்தது. அதை எழுதிய வினய் படேல் பிரிட்டிஷ் இந்தியர். அந்தக் கதை நடக்கும் நாள் 1947 ஆகஸ்ட் 17.

ஏன் 17? அன்றைக்குத்தான் எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதையே வெளியிட்டார்கள். சிரில் ராட்கிளிஃப் என்ற லண்டன் வக்கீல், அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, ஜூலை 8ம் தேதி டில்லிக்கு வந்தார். ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் இரண்டாக வகுத்துக் கொடுத்தார். சுதந்திரம் 15ம் தேதி. கோடு 17ம் தேதி. இடையில் இரண்டு நாள் லட்சக்கணக்கானவர்கள் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் இருந்தார்கள். ஒரு கிளையை இன்னொரு கிளையோடு இணைப்பதற்கே எங்களுக்கு ஆறு மாதம் முன்பு நோட்டீஸ் கொடுப்பார்கள். இதை என்னவென்று சொல்வது?

இடம்பெயர்ந்தவர்கள் ஒன்றரைக் கோடி வரை. இறந்தவர்கள் கணக்கு 2 லட்சத்தில் ஆரம்பித்து 20 லட்சம் வரை போகிறது. பெரும்பாலும் சொல்லப்படுவது 10 லட்சம். இறந்தவர்கள் எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறது என்பதே, எண்ணுவதற்குக் கூட ஆள் இல்லை என்பதற்கு அத்தாட்சி.

ஃப்ரீடம் அட் மிட்நைட் (2024)

டொமினிக் லப்பியர், லேரி காலின்ஸ் 1975ல் எழுதிய புத்தகத்தை வைத்து நிகில் அத்வானி எடுத்தது. சோனிலிவ்வில் 2024 நவம்பரில் முதல் பருவம் வந்தது. நேரு, படேல், ஜின்னா, காந்தி, மவுன்ட்பேட்டன் எல்லோரும் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சு நன்றாகவே இருக்கிறது. பெரியவள் பரீட்சைக்கு இது போதும் என்று சந்தோஷப்பட்டாள்.

எனக்கு ஒரு குறை. தலைவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதை நாம் பார்க்கிறோம். அவர்கள் எடுக்கும் முடிவு யார் தலையில் விழுகிறது என்பது எப்போதாவதுதான் திரைக்கு வருகிறது. பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்துவிட்டு லெட்ஜரைத் திறக்காமல் ஆடிட் முடித்த மாதிரி.

ஆனால் இந்தத் தொடரைப் பார்த்ததில் எனக்கு ஒரு லாபம், சொத்துப் பிரிப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். நாடு பிரிகிறது என்றால் மேஜை, நாற்காலி, டைப்ரைட்டர், ரயில் பெட்டி, ராணுவ லாரி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ரொக்கக் கையிருப்பில் பாகிஸ்தானுக்கு 75 கோடி ரூபாய் என்று முடிவானது. 20 கோடி முதலில் கொடுத்தார்கள். மீதி 55 கோடியைக் காஷ்மீர் சண்டை காரணமாக நிறுத்தி வைத்தார்கள். 1948 ஜனவரி 13ம் தேதி காந்தி உண்ணாவிரதம் ஆரம்பித்தார், 15ம் தேதி அரசு அந்தப் பணத்தைக் கொடுக்க முடிவு செய்தது. அடுத்த பதினைந்து நாளில் காந்தி சுடப்பட்டார்.

இன்னொரு விஷயம், என் பிள்ளைகள் நம்பவே இல்லை. பாகிஸ்தான் பிறந்த பிறகும் 1948 ஜூன் 30 வரை அந்த நாட்டுக்கும் மத்திய வங்கி நம் ரிசர்வ் வங்கிதான். இந்திய நோட்டுகளிலேயே 'பாகிஸ்தான் அரசு' என்று கூடுதலாக அச்சடித்து அங்கே புழக்கத்தில் விட்டார்கள். இரண்டு பக்கமும் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது நோட்டு மட்டும் ஒரே அச்சகத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது.

புனியாத் (1986-87)

'ஹம் லோக்' 1984 ஜூலையில் ஆரம்பித்தது. நம் நாட்டின் முதல் நெடுந்தொடர். அதை எழுதிய மனோகர் ஷ்யாம் ஜோஷியே அடுத்து எழுதியதுதான் 'புனியாத்'. 'ஷோலே' எடுத்த ரமேஷ் சிப்பியும் ஜ்யோதி சரூப்பும் இயக்கம். நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள். 1916ல் ஆரம்பித்து 1978 வரை ஒரு லாகூர்க் குடும்பத்தின் கதை. மாஸ்டர் ஹவேலிராமாக அலோக் நாத், லாஜோவாக அனிதா கன்வர். இளைஞர்களாக ஆரம்பித்துத் தாத்தா பாட்டி ஆகும் வரை அதே நடிகர்கள். கடைசியில் நரைத்த தலையும் நடுங்குகிற கையுமாக வந்தவர்களைப் பார்த்து, நடிக்கும்போது அவர்களுக்கு முப்பது வயது வாக்கில்தான் இருக்கும் என்று சொன்னால் பெரியவள் நம்பவில்லை.

1986ல் எனக்கு ஆறு வயது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி. மெட்ராஸ் நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சி முடிந்து ஹிந்தி ஆரம்பித்ததும் தெருவே எழுந்து போய்விடும். ஞாயிறு வரும் தமிழ்ப் படத்துக்கு வரும் கூட்டம் ஹிந்தித் தொடருக்கு வராது. ஆகவே நம்மில் பலருக்கு 'புனியாத்' என்பது பெயர் மட்டும் கேள்விப்பட்ட சமாச்சாரம். வடக்கே வேலைக்கு வந்த பிறகு, டீ நேரத்தில் ஆபீஸ் மொத்தமும் ஒரு தொடரைப் பற்றிப் பேசிச் சிரிக்கும், நாம் மட்டும் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருப்போம். இது உங்களுக்கும் நடந்திருக்கும் :-)

இப்போது பார்க்கும்போது வேகம் ரொம்பக் குறைவு. சுவரெல்லாம் செட்டு என்று தெரிகிறது. முதல் வாரம் சின்னவன் தூங்கிவிடுவான். ஆனால் பத்து பகுதி தாண்டியதும் அந்த வீட்டு மனிதர்கள் நமக்குத் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். அதுதான் இந்தத் தொடரின் வேலை. பிரிவினை வருவதற்கு முன்பே அந்த வீட்டின் கல்யாணம், சண்டை, கடன், கோபம் எல்லாம் நமக்குத் தெரியும். அப்புறம் அந்த வீடு போகும்போது 'ஒன்றரைக் கோடி பேர்' என்பது எண்ணாக இருப்பதில்லை. அகதி முகாமில் வரிசையில் நிற்பவர் நமக்குத் தெரிந்த மாஸ்டர்ஜி வீட்டு ஆள். 'புனியாத்' என்றால் அஸ்திவாரம். டில்லியில் மறுபடி முதல் கல்லிலிருந்து ஆரம்பிப்பதுதான் பின்பாதிக் கதை.

என் தொழிலில் இதற்கு ஒரு நேரடி உதாரணம் உண்டு. பஞ்சாப் நேஷனல் வங்கி 1894ல் லாகூரில் பதிவு செய்யப்பட்டு, 1895 ஏப்ரலில் அங்கே கதவு திறந்த வங்கி. 1947 ஜூனில், பிரிவினைக்கு இரண்டு மாதம் முன்பு, லாகூர் உயர் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிப் பதிவு அலுவலகத்தை டில்லிக்கு மாற்றினார்கள். மேற்குப் பாகிஸ்தானில் 92 கிளைகளை மூட வேண்டி வந்தது. மொத்தக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கு, டெபாசிட்டில் 40 சதவீதம். அங்கிருந்து வந்தவர்கள் கையில் இருந்த ரசீதை வைத்து இங்கே பணம் கேட்டார்கள். ஆதாரம் காட்டியவர்களுக்கு வங்கி கொடுத்தது. கிளையே போய்விட்ட நிலையில் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன என்று வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்குப் புரியும்.

கடன் வாங்கியவர்கள் கதை வேறு. அடமானம் வைத்த கடை லாகூரில், கடன் பாக்கி டில்லியில். அந்தக் கடையை இனி வங்கியும் தொட முடியாது, அவரும் தொட முடியாது. இதற்காகவே 1951ல் இடம்பெயர்ந்தோர் கடன் சீரமைப்புச் சட்டம் வந்தது. தீர்ப்பாயங்கள் வைத்து ஒவ்வொருவர் கடனையும் அவர் நிலைமைக்கு ஏற்பக் குறைத்தார்கள். விட்டுவந்த சொத்துக்கு நஷ்டஈடு கொடுக்க 1954ல் இன்னொரு சட்டம். 'புனியாத்'தில் மனிதர்கள் பேசிக்கொள்ளும் பல கவலைகளுக்குப் பின்னால் இந்தச் சட்டங்களும் விண்ணப்பங்களும் இருக்கின்றன.

தமஸ் (1988)

இதை நான் பிள்ளைகள் இல்லாமல் முதலில் தனியாகப் பார்த்தேன். அது நல்லதாகப் போயிற்று. சின்னவனுக்கு இன்னும் காட்டவில்லை.

பீஷ்ம சாஹ்னி ராவல்பிண்டியில் பிறந்தவர். 1947 மார்ச்சில், பிரிவினைக்கு முன்பே, அந்தப் பக்கத்தில் நடந்த கலவரத்தை நேரில் அறிந்தவர். ஆனால் உடனே எழுதவில்லை. 1970ல் பிவண்டியில் கலவரம் நடந்தபோது அண்ணன் பல்ராஜ் சாஹ்னியோடு அங்கே போனார். எரிந்த தெருக்களைப் பார்த்ததும் ராவல்பிண்டி திரும்ப வந்தது. நாவல் 1974ல் வந்தது, அடுத்த வருடம் சாகித்ய அகாடமி விருது. அதை கோவிந்த் நிஹலானி ஏறக்குறைய ஐந்து மணி நேரத் தொடராக எடுத்தார். 1988 ஜனவரியில் தூர்தர்ஷனில் வந்தது. சாஹ்னியே ஒரு முதிய சீக்கியராக நடித்திருக்கிறார், மனைவியாக தீனா பாடக். இரண்டு கிழங்கள் கடையையும் ஊரையும் விட்டு ராத்திரியில் நடந்து போகும் காட்சிகளில் தங்கமணி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

கதை ஐந்து ரூபாயில் ஆரம்பிக்கிறது. நாத்து (ஓம் புரி) தோல் வேலை செய்யும் ஏழை. கால்நடை டாக்டருக்கு வேண்டும் என்று சொல்லி அவனிடம் ஐந்து ரூபாய் கொடுத்து ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார் ஒருவர். மறுநாள் காலை அந்தப் பன்றி மசூதிப் படியில் கிடக்கிறது. ஊர் எரிகிறது. தான் செய்த வேலையால்தான் இது நடந்தது என்று நாத்துவுக்கு மட்டும் தெரியும். யாரிடம் சொல்ல முடியும்? கிராமத்தில் சீக்கியப் பெண்கள் கிணற்றில் குதிக்கும் காட்சி வருகிறது. அது கற்பனை இல்லை. ராவல்பிண்டி அருகே தோஹா கால்சா என்ற ஊரில் 1947 மார்ச்சில் சுமார் 90 பெண்கள் அப்படி இறந்தார்கள்.

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைத் தடுக்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். காட்டினால் மறுபடி கலவரம் வரும் என்பது வாதம். ஒரு நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் லென்டினும் சுஜாதா மனோகரும் முழுத் தொடரையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். வன்முறையைத் தூண்டுகிற தொடர் அல்ல, யார் எப்படித் தூண்டுகிறார்கள் என்று காட்டுகிற தொடர் என்பது அவர்கள் கருத்தின் சாரம். உச்ச நீதிமன்றமும் 1988 பிப்ரவரியில் அதையே உறுதி செய்தது. ஒரு படைப்பின் விளைவை நிதானமும் மன உறுதியும் உள்ள மனிதனின் அளவுகோலால் பார்க்க வேண்டும், எதற்கெடுத்தாலும் ஆபத்தைக் காணும் மனசின் அளவுகோலால் பார்க்கக் கூடாது என்ற பழைய நாக்பூர்த் தீர்ப்பின் கோட்பாட்டை எடுத்துக் காட்டியது. இன்றைக்கும் படத் தடை வழக்குகளில் இந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டப்படுகிறது.

தடை கேட்டவர்களின் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. 1984 டில்லி நடந்து மூன்று வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. தமஸ் வந்ததற்கு நாலைந்து வருடம் கழித்து பம்பாய் எரிந்தது. காட்டாமல் இருந்தாலும் கலவரம் வரத்தான் செய்கிறது. காட்டினால் குறைந்தபட்சம் மசூதிப் படியில் கிடக்கும் பன்றியைப் பார்க்கும் ஒருவனாவது "இதுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தது யார்?" என்று கேட்பான். வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் நாலு குழுவுக்கு அனுப்பிவிடும் காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் அவசியமாகத் தெரிகிறது. நம் குடியிருப்புக் குழுக்களிலும் இது நடக்கிறது, மறைத்து என்ன பயன்?

இன்னொன்று கவனித்தேன். ரமேஷ் சிப்பி பிறந்தது கராச்சி, 1947 ஜனவரி. கோவிந்த் நிஹலானி பிறந்ததும் கராச்சி, 1940. சாஹ்னி ராவல்பிண்டி. அதாவது அந்தப் பக்கம் பிறந்தவர்களே நாற்பது வருடம் கழித்து எடுத்த தொடர்கள் இவை. இடையில் 1973ல் எம்.எஸ். சத்யு 'கரம் ஹவா' எடுத்தார், அதையும் தணிக்கையில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். வந்து சேர்ந்த தலைமுறை பிழைப்பைப் பார்த்தது. கைக்குழந்தையாக வந்தவர்கள் நாற்பது வயதில் பேசினார்கள். இப்போது லண்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பேரன் பேத்திகள் சூப்பர் ஹீரோ கதையில் அதைச் சொல்கிறார்கள். துக்கத்துக்கும் ஒரு தவணை அட்டவணை இருக்கிறது போல.

புர்கா அவெஞ்சர் (2013)

இவ்வளவு பாரத்துக்கு நடுவில் சின்னவனுக்கு ஒன்று வேண்டுமே என்று தேடியபோது கிடைத்தது. பாகிஸ்தானின் அனிமேஷன் தொடர். ஹாரூன் என்ற பாப் பாடகர் உருவாக்கியது. 2013 ஜூலையில் ஆரம்பித்து அந்த வருடத்துக்கான பீபாடி விருது வாங்கியது. 2015ல் இந்தியாவிலும் ஒரு குழந்தைகள் சேனலில் வந்தது.

ஹல்வாபூர் என்று ஓர் ஊர். பெயரிலேயே அல்வா :-) ஜியா என்ற பள்ளிக்கூட டீச்சர். ஊர் அரசியல்வாதியும் துப்பாக்கி சாமியாரும் சேர்ந்து பெண்கள் பள்ளிக்கூடத்தை மூடப் பார்க்கிறார்கள். ஜியா கறுப்பு உடையில் பறந்து வந்து புத்தகத்தையும் பேனாவையும் எறிந்து அடிக்கிறாள். அவளுடைய வித்தைக்குப் பெயர் 'தக்த் கபடி'. ஸ்வாத் பள்ளத்தாக்கில் நிஜமாகவே பெண்கள் பள்ளிகளை வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்த வருடங்களில் உருவான கதை. புர்காவைக் கதாநாயகிக்கு மாட்டியது சரியா என்று பாகிஸ்தானிலேயே பலர் கேட்டார்கள். ஜியா மற்ற நேரத்தில் முகத்தை மூடுவதில்லை, அடையாளத்தை மறைக்க மட்டும்தான் என்பது தயாரித்தவர்களின் பதில்.

என்னை உறுத்திய விஷயம் வேறு. உருது வசனம். சப்டைட்டில் இல்லை. சின்னவன் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். டில்லியில் பிறந்து வளர்ந்தவன், அவனுக்கு அது பக்கத்து வீட்டுப் பாஷை. அதே பையனுக்கு, ஷ்யாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடரில் சிலப்பதிகாரப் பகுதியைப் போட்டால், கோவலன் யார், மதுரை ஏன் எரிந்தது என்று நான் ஹிந்தியில் விளக்க வேண்டியிருந்தது. லாகூர் பிள்ளையின் கார்ட்டூன் கிட்டே இருக்கிறது, கண்ணகி தூரத்தில் இருக்கிறாள். குறையாகச் சொல்லவில்லை. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் எல்லோர் வீட்டிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் ரங்கூன்

ஒருநாள் சின்னவன் கேட்டான், "நம்ம தாத்தா பாட்டியும் அந்த மாதிரி ரயில்ல வந்தாங்களா?" நான் இல்லை என்று சொல்வதற்குள் தங்கமணி சொன்னாள், "ரயில் இல்லடா. எங்க அம்மாச்சி ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்தாங்க. ஒரு டிரங்குப் பெட்டியும் கைக்குழந்தையும்தான்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு இது ஒற்றை வரிச் செய்தியாகத்தான் தெரியும். மாமியாருக்குப் போன் போட்டோம். ஒன்றரை மணி நேரம் பேசினார். தாத்தா செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளை. 1964 மே மாதம் பர்மா அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. சேர்த்து வைத்த ரொக்கம் போயிற்று. நகையைக் கொண்டுவரக் கட்டுப்பாடு. மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கும்போது கையில் இருந்தது என்ன என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்து சுமார் 5 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்தார்கள், பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். 1962ல் நே வின் ஆட்சிக்கு வந்த பிறகு மறுபடி ஒரு வெளியேற்றம். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத்திலிருந்து 5.25 லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களை ராமேஸ்வரத்தில் இறக்கி 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தோம். பலர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

வங்கிக் கணக்கும் இதில் உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரியில் ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் திறக்கப்பட்டது. 1963ல் பர்மா அரசு எல்லா வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. பஞ்சாப் நேஷனல் வங்கிக்கு லாகூர் மாதிரி இவர்களுக்கு ரங்கூன். சென்னையில் 'ரெப்கோ வங்கி' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். ரெப்கோ என்பதில் முதல் பாதி ரீபேட்ரியேட்ஸ், அதாவது தாயகம் திரும்பியவர்கள். பர்மா, இலங்கையிலிருந்து வந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1969ல் மத்திய அரசு ஆரம்பித்த கூட்டுறவு வங்கி அது. கடற்கரை ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் வாட்ச் பேரம் பேசியிருப்போம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி என்றே பெயர் இருக்கிறது. அங்கே அத்தோ சாப்பிட்டிருப்போம். அது யாருடைய அஸ்திவாரம் என்று கேட்டதில்லை.

'பராசக்தி' (1952) கதை ரங்கூனில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் 'புனியாத்' மாதிரி நூறு பகுதிக்கு ஒரு ரங்கூன்க் குடும்பத்தைக் கூடவே உட்கார்ந்து பார்க்கும் தொடர் நமக்கு அமையவில்லை. மாமியார் மருமகள் சண்டைக்கு ஆயிரம் பகுதி எடுக்கத் தெரிந்தவர்கள் நாம். ஹட்டன் லயத்தில் ஆரம்பித்து கூடலூர் டான்டீ குடியிருப்பில் முடியும் கதையில் மாமியாரும் மருமகளும் இருக்க மாட்டார்களா என்ன?

தொடர் எடுப்பது நம் கையில் இல்லை. கையில் இருப்பதைச் சொல்கிறேன். எங்கள் பழைய கிளையில் லியால்பூர், முல்தான் என்று எழுதியிருந்த கணக்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. மகனோ பேரனோ இறப்புச் சான்றிதழோடு வந்து பாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பணம் வாரிசுக்குப் போகிறது. பிறந்த ஊர்ப் பெயர் பழைய ஃபைலோடு ரெக்கார்டு ரூமுக்குப் போகிறது. ஒருமுறை ஒரு பேரனிடம் "தாத்தா ஊர் ஜங் தானே?" என்றேன். "அப்படியா சார்?" என்றார்.

எங்கள் வீட்டில் மாமியார் சொன்னதைப் பெரியவள் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறாள். ரங்கூனில் வீடு இருந்த தெரு, கப்பலின் பெயர், வந்திறங்கிய மாதம், பெட்டியில் என்னென்ன இருந்தது என்று வரிசையாக. கப்பலின் பெயர் மாமியாருக்கு நினைவில்லை. அவருடைய அண்ணன் திருச்சியில் இருக்கிறார், வயது எண்பத்து மூன்று. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவதாக இருக்கிறோம். உங்கள் வீட்டிலும் ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று ஏதாவது ஒரு பெயர் பேச்சில் வந்திருந்தால், இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.